காட்சிக்குள் எறிய வேண்டும்: டிஸ்க் கோல்ஃபுக்கு அழகான மைதானங்கள்

தட்டு போன்ற பிளாஸ்டிக் டிஸ்க்கை எறிந்து, முடிந்தவரை குறைந்த எறிதல்களில் ஒவ்வொரு கூடைக்குள்ளும் போடும் விளையாட்டுதான் டிஸ்க் கோல்ஃப். ஒரு கூடைக்கான ஆட்டம் ஒரு ஹோல். அழகான டிஸ்க் கோல்ஃப் மைதானம் எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒரு புகைப்படத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பின்னால் மலை, முன்னால் கூடை, நடுவில் நீலமாக ஏதோ ஒரு ஏரி. போய் ஆடிப் பார்த்தால் மலை ஒரு பக்கம் நிற்கும், ஆட்டம் இன்னொரு பக்கம் தட்டையான புல்வெளியில் நடக்கும். பதினெட்டு ஹோலும் முடிகிறவரை அந்த மலைக்கும் நம் எறிதலுக்கும் எந்த உறவும் இருக்காது. அந்த மாதிரி இடங்களை இந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை.

எங்கள் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். டிஸ்க் அந்தக் காட்சிக்குள் போக வேண்டும். பள்ளத்தாக்கு தெரிகிறதென்றால் அதற்குள்ளே எறிய வேண்டும். ஏரி இருக்கிறதென்றால் அதன் கரை நம் எறிதலின் பாதையைத் தீர்மானிக்க வேண்டும். அப்படிப்பட்ட மைதானங்கள் உலகில் நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒரு சிக்கலும் உண்டு: கண்ணுக்கு அழகாகத் தெரியும் ஒவ்வொன்றும், அது உயரமோ தண்ணீரோ காற்றோ மரமோ, டிஸ்க் பறக்கும் விதத்தை மாற்றிவிடும். வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் பழகிய எறிதலை அங்கே அப்படியே எறிந்தால் முதல் மூன்று ஹோலிலேயே இரண்டு டிஸ்க் போய்விடும்.

1975-இல் எட் ஹெட்ரிக் கலிஃபோர்னியாவின் ஓக் க்ரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தபோது, மரங்கள் நிறைந்த ஒரு சாதாரணப் பூங்காதான் கிடைத்தது. இன்று நாம் பார்க்கும் சங்கிலிக் கூடையும் அவர் வடிவமைத்ததே. புல்லைச் செதுக்கிப் பராமரிக்கத் தேவையில்லை, நிலத்தைச் சமன் செய்யத் தேவையில்லை. ஒரு கான்கிரீட் மேடையும் ஒரு கூடையும் ஊன்ற இடம் இருந்தால் போதும். பந்து கோல்ஃப் எட்டிப் பார்க்காத சரிவுகளுக்கும் காடுகளுக்கும் இந்த விளையாட்டு போக முடிந்தது அதனால்தான்.

உயரத்திலிருந்து தொடங்குவோம், இந்த விளையாட்டில் மனதை அள்ளும் ஹோல்கள் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் சாண்டா க்ரூஸ் நகரில் உள்ள டிலவியாகா மைதானத்தின் 27-ஆவது ஹோலுக்கு ‘டாப் ஆஃப் த வேர்ல்ட்’ என்று பெயர். டீயில், அதாவது எறியத் தொடங்கும் மேடையில், நின்றால் எதிரே மான்டெரே விரிகுடா தெரியும். கூடை ஐந்நூறு அடிக்கு அப்பால், சரிவின் கீழே. இந்த விளையாட்டில் அதிகம் படம் எடுக்கப்பட்ட டீக்களில் இதுவும் ஒன்று. படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் செய்யும் தவறும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: எதிரே தொடுவானம் தெரிகிறது, கண் அங்கே போகிறது, உடலும் பின்னால் சாய்ந்து தொடுவானத்தை நோக்கி எறிகிறது. டிஸ்க்கின் முன் விளிம்பு மேலே தூக்கிக்கொள்கிறது. அது எழும்பி, நின்று, இடது பக்கம் சரிந்து புதருக்குள் விழுகிறது.

ஏன் அப்படி? வலது கையால் பேக்ஹேண்ட், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே இழுத்து, எறியும்போது டிஸ்க், மேலிருந்து பார்த்தால், கடிகார முள் போலச் சுழல்கிறது. வேகம் இருக்கும்வரை காற்று அதை வலது பக்கம் திருப்பப் பார்க்கும் அல்லது நேராக விடும். வேகம் குறைந்து கீழே இறங்கத் தொடங்கியதும் காற்று அடியிலிருந்து முன்பகுதியைத் தூக்கும், சுழற்சி அந்தத் தூக்கலை இடது சரிவாக மாற்றும். இதைத்தான் ஃபேட் என்கிறோம். சமதளத்தில் ஃபேட் தொடங்கிய சிறிது நேரத்தில் டிஸ்க் தரையைத் தொட்டுவிடும். பள்ளத்தாக்கில் தரை இன்னும் கீழே இருக்கிறது, அதனால் ஃபேட் முடிவதே இல்லை. சமதளத்தில் ஐந்து மீட்டர் இடப்பக்கம் போகும் டிஸ்க் இங்கே இருபது மீட்டர் போகலாம். பின்சாய்ந்து முன் விளிம்பைத் தூக்கி எறிந்தால் அது இன்னும் சீக்கிரமே தொடங்கிவிடும்.

இதற்குச் செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, தோள்களின் கோட்டைச் சரிவுக்கு இணையாகச் சாய்ப்பது. முன் தோள் தாழ்ந்திருந்தால் கை தானாகவே கீழ்நோக்கி வரும். குறியும் தொடுவானமாக இருக்கக்கூடாது. கூடைக்குச் சற்று மேலே உள்ள ஒரு மர உச்சியையோ பாறையையோ பார்த்து எறிய வேண்டும். இரண்டாவது, டிஸ்க் தேர்வு. வேகம் 12, 13 என்று எண்ணிட்ட, கடைசியில் பலமாக இடது பக்கம் இழுக்கும் டிரைவரை, அதாவது தொலைதூர டிஸ்க்கை, இங்கே பைக்குள்ளேயே வைத்துவிடலாம். நேராகப் போகும், அதைவிட வேகம் குறைந்த ஃபேர்வே டிரைவரோ, நடுத்தூர டிஸ்க்கான மிட்ரேஞ்சோ போதும்.

எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மைதானம் வடிவமைப்பவர்கள் உயர வித்தியாசத்தை மூன்றால் பெருக்கி நீளத்தில் கூட்டுவார்கள் அல்லது கழிப்பார்கள். 120 மீட்டர் ஹோல், 20 மீட்டர் இறக்கம் என்றால் 120-இலிருந்து 60 போகும். ஆட வேண்டிய நீளம் ஏறக்குறைய 60 மீட்டர்தான். பெரும்பாலானவர்களுக்கு அது பட்டர், அதாவது குறுகிய தூரத்துக்கான டிஸ்க், எட்டும் தூரம். அதே 20 மீட்டர் ஏற்றமாக இருந்தால் 180 ஆகிவிடும், இரண்டு எறிதல் என்று முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. காற்றும் எறிகிறவரின் கைவேகமும் இதைச் சற்று மாற்றும் என்றாலும், டீயில் நின்று கண்ணளவில் ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

டிலவியாகாவுக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். கோடைக் காலையில் கடல் மூடுபனி ஏறி நிற்கும், விரிகுடா தெரியவே தெரியாது. மதியத்துக்குப் பிறகோ செப்டம்பர், அக்டோபரிலோ போனால் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று பாய்சன் ஓக் செடி. ஒரு காம்பில் மூன்று மூன்றாக இலைகள் இருக்கும். அதன் எண்ணெய் தோலில் பட்டால் நாள்கணக்கில் அரிக்கும். நேரே செடியைத் தொடாமலே அதற்குள் விழுந்த டிஸ்க்கைக் கையால் எடுத்தாலும் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். முழுக்கால் சட்டை போட வேண்டும், டிஸ்க்கைத் துணியால் பிடித்து எடுக்க வேண்டும், ஆட்டம் முடிந்ததும் கையையும் டிஸ்க்கையும் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். துடைத்த துணியை பைக்குள் திருப்பிப் போடுவதுதான் பலர் செய்யும் பிழை.

உயரம் என்றால் வெறும் இறக்கம் மட்டுமில்லை, காற்றின் அடர்த்தியும்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சாலிட்யூட் பனிச்சறுக்கு மையம் இருக்கிறது. அடிவாரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 8,000 அடி. கோடையில் அங்கே பனிச்சறுக்குச் சரிவுகளில் ஏறி இறங்கும் 18 ஹோல் மைதானம் உண்டு. மெல்லிய காற்று டிஸ்க்கை வலது பக்கம் திருப்பும் அளவுக்குப் பிடிப்பதில்லை, தாங்கிப் பிடிக்கவும் செய்வதில்லை. கடலோரத்தில் நேராகப் போகும் டிஸ்க் அங்கே சீக்கிரமே இடது பக்கம் விழும். அண்டர்ஸ்டேபிள் டிஸ்க்குகள், அதாவது இயல்பிலேயே வலது பக்கம் திரும்பக்கூடியவை, அங்கே நேராகப் பறக்கும். மரங்களில் மோதி மோதித் தேய்ந்துபோன பழைய டிஸ்க்குகளுக்கு இது நல்ல இடம். மலையில் பிற்பகல் இடியும் மின்னலும் சகஜம் என்பதால் காலையிலேயே தொடங்கி மதியத்துக்குள் சரிவிலிருந்து இறங்கிவிட வேண்டும். திறந்த சரிவில் உலோகக் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ‘இன்னும் இரண்டு ஹோல்தானே’ என்று சொல்லக் கூடாது.

நார்வேயில் ஓஸ்லோவுக்குத் தென்கிழக்கே சிக்கெரூட் பகுதியில் உள்ள க்ரோக்ஹோல் மைதானமும் ஏற்ற இறக்கத்துக்குப் பேர்போனது. அங்கே பாறையும் ஊசியிலைக் காடும் சேர்ந்து வருவதால் எறிவதற்குச் சரியான பாதை ஒன்றுதான் இருக்கும். இப்படிப்பட்ட மலை மைதானங்களில் டீயைவிடக் கூடைப் பக்கம்தான் அதிகம் ஸ்கோர் போகும். கூடை ஒரு மேட்டின் விளிம்பில் இருக்கும். ஆறு மீட்டர் பட், அதாவது கூடைக்குள் போடும் குறுகிய எறிதல், எளிதுதான் என்று நேராக எறிவோம். சங்கிலியில் பட்டு வெளியே தெறித்து, விளிம்பில் செங்குத்தாக விழுந்து, உருண்டு உருண்டு முப்பது மீட்டர் கீழே போய் நிற்கும். அங்கிருந்து மேலே எறிய வேண்டும், அதுவும் தவறினால் மறுபடி உருளும்.

உருளுவதைத் தடுக்க வழி இருக்கிறது. கடினமான பிளாஸ்டிக்கைவிட மென்மையான, வளையும் பட்டர் தரையில் பட்டதும் அமுங்கி நிற்கும். சரிவு இடமிருந்து வலமாக இறங்குகிறது என்றால் டிஸ்க்கை அந்தச் சரிவுக்கு இணையாகச் சாய்த்து இறக்கினால் படிந்து உட்காரும். சரிவுக்கு எதிர்ச் சாய்வில் இறக்கினால் விளிம்பு குத்தி எழுந்து ஓடும். பின்பக்கம் பள்ளம் இருக்கும் கூடைக்கு எட்டு மீட்டருக்கு அப்பாலிருந்து பட் செய்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கூடைக்கு அடியில் வைத்துவிட்டு அடுத்ததில் போட்டு முடிப்பதே சரி. பத்து மீட்டர் வட்டத்துக்குள் இருக்கும்போது எறிந்தபின் சமநிலையில் நிற்க வேண்டும் என்ற விதியைச் சரிவில் மறந்துவிடாதீர்கள். கீழ்நோக்கிய பட்டில் கால் தானாக முன்னே போய்விடும். பின்காலில் எடையை வைத்து, இடுப்பை அசைக்காமல் எறிந்து பழக வேண்டும்.

இனி தண்ணீர். நியூசிலாந்தின் க்வீன்ஸ்டவுன் கார்டன்ஸ் மைதானம் வாக்கட்டிப்பு ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு தீபகற்பத்தில், தாவரவியல் பூங்காவுக்குள் இருக்கிறது. 1996-இல் அமைந்தது, அந்த நாட்டின் முதல் மைதானம். உயர்ந்த டக்ளஸ் ஃபர் மரங்களுக்கு நடுவே எறிந்தபடி நடந்தால் மரங்களின் இடைவெளியில் ஏரியும் அதற்கப்பால் ரிமார்க்கபிள்ஸ் மலைத்தொடரும் தெரியும். நீளம் குறைவு, கட்டணம் கிடையாது, ஊரின் நடுவிலிருந்து நடந்தே போகலாம். இரண்டு மிட்ரேஞ்ச், இரண்டு பட்டர் இருந்தால் போதும். முதல்முறை ஆடுகிறவரை எங்காவது கூட்டிப்போக வேண்டுமென்றால் நாங்கள் சொல்வது இந்த இடத்தைத்தான்.

அங்கே கவனிக்க வேண்டியது மனிதர்கள். அது பொதுப் பூங்கா. நடைபாதைகள் ஃபேர்வேக்கு, அதாவது டீக்கும் கூடைக்கும் இடையிலான ஆடுபாதைக்கு, குறுக்கே போகின்றன, ரோஜாத் தோட்டம் பார்க்க வந்தவருக்குத் தலைக்கு மேல் டிஸ்க் பறக்கும் என்று தெரியாது. 170 கிராம் பிளாஸ்டிக் வேகமாக வந்து முகத்தில் பட்டால் பல் போகும். நடந்து போகிறவர்கள் கடந்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். வளைவுக்கு அப்பால் தெரியாத ஹோல்களில் ஒருவர் முன்னே போய் நின்று கை காட்ட வேண்டும். ‘ஃபோர்’ என்று எச்சரித்துக் கத்துவது கடைசி வழி. முதல் வழி எறியாமல் இருப்பது.

அரிசோனாவில் ஃபவுன்டன் ஹில்ஸ் ஊரின் ஏரிப் பூங்கா இதற்கு நேரெதிர்: மரநிழல் குறைவு, சுற்றிலும் பாலைவன மலை, நடுவே ஏரி. 1970-இல் கட்டிய நீரூற்று 560 அடி வரை எழும்பக்கூடியது. மணிக்கு ஒருமுறை சுமார் 15 நிமிடம் இயங்கும். நீர்த்தூண் எழும் நேரத்தில் கரையோர ஹோலில் நிற்கும்படி ஆட்டத்தைத் தொடங்குவது நல்ல திட்டம். சாய்ந்து விழும் நீர்த்திவலையைப் பார்த்தாலே காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மேலே இருக்கும் காற்றும் கீழே இருக்கும் காற்றும் சில சமயம் வேறு வேறு திசையில் இருக்கும் என்பதையும் அங்கேதான் கண்ணால் பார்க்கலாம். ஏரியில் நிரம்பியிருப்பது சுத்திகரித்த கழிவுநீர். டிஸ்க் விழுந்தால் இறங்கித் தேடக் கூடாது.

தண்ணீரைத் தாண்டி எறிவதில் கண் ஏமாற்றும். புல்வெளியில் மரம், புதர், பாதை என்று தூரத்தை அளக்க அடையாளங்கள் இருக்கும். நீர்ப்பரப்பில் ஒன்றுமில்லை, அதனால் எதிர்க்கரை பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். யூடிஸ்க் செயலியில் வரைபடத்தில் கரையைத் தொட்டுத் தூரத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் பதினைந்து மீட்டர் கூட்டி எறியத் தெரிந்தால் மட்டும் தாண்டுங்கள். கரையை ஒட்டி ஆடும்போது தண்ணீர் எந்தப் பக்கம் என்பது முக்கியம். வலது கை பேக்ஹேண்ட் கடைசியில் இடது பக்கம் போகும் என்பதால், இடது பக்கம் ஏரி இருந்தால் அது ஆபத்தான எறிதல். ஃபோர்ஹேண்டில், அதாவது உடலின் பக்கவாட்டிலிருந்து முன்னோக்கி, எறிந்தால் முடிவு வலது பக்கம், அதாவது நிலத்தின் பக்கம் திரும்பும். வலது பக்கம் ஏரி என்றால் தண்ணீருக்கு மேலே கொண்டுபோய் ஃபேட் நிலத்துக்கு இழுத்து வரும்படி எறியலாம், பார்க்கவும் அதைவிட அழகான எறிதல் இல்லை. ஆனால் வேகம் போதாவிட்டால் திரும்புவதற்கு முன்பே விழுந்துவிடும். எல்லைக்கு வெளியே போனால் ஒரு எறிதல் அபராதம். கடைசியாக எல்லைக்குள் இருந்த இடத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வைத்து ஆடலாம்.

பெரும்பாலான டிஸ்க்குகள் மூழ்கும். இன்னோவாவின் டிராகன், வஹூ, ஹைட்ரா போன்ற சில மட்டும் மிதக்கும். எடை குறைவாக இருப்பதால் எதிர்க்காற்றில் இவை தடுமாறும். காற்றில்லாத காலையில் மட்டுமே நம்பலாம். ஆழம் குறைந்த குளத்துக்கு, கயிற்றில் கட்டி எறிந்து இழுக்கும் எடை கட்டிய கம்பிச் சட்டம் ஒன்று விற்கிறது. பையில் அதிக இடம் பிடிக்காது, நீர்நிலையுள்ள மைதானத்துக்கு அது இல்லாமல் போவதில் அர்த்தமில்லை.

காடும் தண்ணீரும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் மாசசூசெட்ஸின் லெஸ்டரில் உள்ள மேப்பிள் ஹில். அது கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கும் பண்ணை. வரிசையாக நிற்கும் சிறு மரங்கள், கல் சுவர்கள், குளங்கள், சுற்றிலும் மேப்பிள் காடு. முதல் ஹோலே குளத்தின் மேல். எம்விபி ஓப்பன் போட்டி நடப்பது இங்கேதான். ஒரே மைதானத்தில் பல தூரங்களில் டீக்கள் வைத்திருக்கிறார்கள். போட்டியாளர்கள் ஆடும் பின்பக்க டீயிலிருந்து ஆடிவிட வேண்டும் என்ற ஆசை வரும். நூறு மீட்டர் எறியாதவர்கள் முன் டீயில் ஆடினால்தான் மைதானத்தை ரசிக்க முடியும். வெர்மாண்டின் ஸ்மக்ளர்ஸ் நாட்ச் மையத்தில் ப்ரூஸ்டர் ரிட்ஜ், ஃபாக்ஸ் ரன் மெடோஸ் என்று இரண்டு மைதானங்கள். முதலாவது காடு, இரண்டாவது பெரிதும் திறந்தவெளி. 2018-லும் 2023-லும் உலக சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது. ஒரே பயணத்தில் இரண்டையும் ஆடிவிடலாம், முதலில் காட்டை ஆடுவது நல்லது.

இரண்டு மாநிலங்களும் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை சிவப்பும் மஞ்சளுமாக மாறும். எல்லோரும் அப்போதுதான் போவார்கள், அதில் தவறில்லை. டிஸ்க் நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் டிஸ்க் உதிர்ந்த இலைக்குள் போனால் இரண்டடி தள்ளி நின்றாலும் தெரியாது. பளிச்சென்ற நீலமோ பிங்க்கோ வேண்டும். எறிந்தவர் தன் டிஸ்க்கைத் தானே பார்த்தால் போதாது. மற்றவர் பக்கவாட்டில் முன்னே நின்று, அது விழுந்த இடத்தையும் அதற்குப் பின்னால் நேர்க்கோட்டில் உள்ள ஒரு மரத்தையும் மனதில் வைக்க வேண்டும். போட்டியில் தேடக் கிடைப்பது மூன்று நிமிடம்தான். டிஸ்க்கின் அடிப்பக்கம் பெயரும் தொலைபேசி எண்ணும் அழியாத மையில் எழுதியிருந்தால் பிறகு கிடைப்பதற்கு வழி உண்டு.

ஐஸ்லாந்து தனி உலகம். மக்கள்தொகைக்கு ஒப்பிட்டால் மைதானங்கள் ஏராளம், பெரும்பாலும் இலவசம். தலைநகர் ரெய்க்யவிக்கின் நடுவே க்ளம்ப்ராதூன் பூங்காவில் ஒன்பது ஹோல், நகரத்தின் விளிம்பில் குஃபுனெஸ் பகுதியில் பதினெட்டு. ஜூனில் நள்ளிரவுக்குப் பக்கமாகத்தான் சூரியன் மறைகிறது, முழு இருட்டு வருவதே இல்லை. இரவு பத்து மணிக்கு ஆட்டத்தைத் தொடங்கலாம். கூட்டம் குறைந்திருக்கும், ஒளி சாய்வாக விழுந்து நிலத்தின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் எடுத்துக் காட்டும்.

அங்கே மரங்கள் குறைவு, காற்றைத் தடுக்க எதுவுமில்லை. எதிர்க்காற்று டிஸ்க்கை வலது பக்கம் திருப்பும், எனவே கனமான, ஓவர்ஸ்டேபிள், அதாவது இயல்பிலேயே பலமாக இடது பக்கம் இழுக்கும், டிஸ்க் வேண்டும். 170 கிராமுக்கு மேல். பின்காற்று டிஸ்க்கை அமுக்கும், அண்டர்ஸ்டேபிள் டிஸ்க்கைச் சற்று உயரமாக எறிய வேண்டும். பக்கக் காற்றில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வலது கை பேக்ஹேண்டில் இடது விளிம்பைத் தாழ்த்தி எறிந்தால் டிஸ்க்கின் அடிப்பக்கம் வலது பக்கம் பார்த்திருக்கும். வலமிருந்து வரும் காற்று அதற்குள் புகுந்து தூக்கிக்கொண்டு இடது பக்கம் வெகுதூரம் போய்விடும். அப்போது தட்டையாக, தாழ்வாக எறிய வேண்டும். இடமிருந்து வரும் காற்று மேற்பரப்பில் அடித்துக் கீழே அமுக்கும், தூரம் குறையும். பட் செய்யும்போதும் இதே கதைதான்: பலத்த காற்றில் ஐந்து மீட்டரில் மெதுவாக மிதக்கவிட்டால் கூடைக்கு முன்பே விலகிவிடும், நேராக, அழுத்தமாக, சங்கிலியின் நடுவைப் பார்த்து எறிய வேண்டும். ஒரு காற்றுவீச்சு ஓயும் என்று காத்திருக்கலாம், ஆனால் விதிப்படி முப்பது வினாடிக்குள் எறிந்தாக வேண்டும்.

எந்த ஊருக்குப் போனாலும் புறப்படுவதற்கு முந்தின நாள் யூடிஸ்க்கில் மைதானம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பனிச்சறுக்கு மையங்களில் பனி உருகும்வரை கூடையே வைக்க மாட்டார்கள். பண்ணை நிலங்களில் அறுவடைக்கும் மர விற்பனைக்கும் மூடுவார்கள், பெரிய போட்டி வாரங்களில் பொதுமக்களுக்கு இடம் இருக்காது. மலை மைதானத்தில் பதினெட்டு ஹோலுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கணுக்காலைப் பிடிக்கும் காலணி. பையில் எட்டு டிஸ்க்குக்கு மேல் தேவைப்படாது: இரண்டு பட்டர், அதில் ஒன்று மென்மையானது, நேர், ஓவர்ஸ்டேபிள் என இரண்டு மிட்ரேஞ்ச், அதேபோல் இரண்டு ஃபேர்வே டிரைவர், தேய்ந்துபோன அண்டர்ஸ்டேபிள் ஒன்று, தொலைந்தாலும் வருத்தப்படாத ஒன்று. அந்தக் கடைசி டிஸ்க் டாப் ஆஃப் த வேர்ல்டில் எறிவதற்கு. ஸ்கோருக்கான எறிதலை எறிந்து முடித்து, பின்னால் யாரும் காத்திருக்கவில்லை, கீழே கூடைப் பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, அதை விரிகுடாவை நோக்கி முழு வேகத்தில் எறியுங்கள். எவ்வளவு நேரம் பறக்கிறது என்று பாருங்கள்.